தெரிந்த பிழைகளின் பட்டியல்

சின்னவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் மாமியார். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் ஒரு குறை சொல்லாமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் குறை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இருபத்திரண்டு வயதில் அந்த வேலையில் நுழைந்தவள், நாற்பத்தோரு வயதில் தரப் பிரிவின் துணைத் தலைவர் ஆனாள். கம்பெனியின் நீள மேஜையைச் சுற்றி ஒன்பது நாற்காலிகள். எட்டில் ஆண்கள். ஒன்பதாவது அவளுடையது.

அவளுடைய அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் பிடிக்காது. அவர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டால் சின்னவள் சிரிப்பாள். பெயர் வைக்கிற அளவுக்காவது ஆளாகிவிட்டேனே, முதல் ஏழு வருஷம் அதுகூட இல்லை என்பாள்.

பெரியவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் நேராக இருக்கிறதா, காலர் இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று பார்க்கும் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை எழுதப் போகாமல் தொழிற்சாலைக்குப் போனவள். தங்கையைப் படிக்கவைக்கத் தன் படிப்பை விட்டாள் என்று உறவினர்கள் பிற்பாடு கதை கட்டினார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கணக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் கையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அதை அவளே சொல்லிக்கொள்ள மாட்டாள். அவள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பேருந்து ஓட்டுநர். எங்கள் வீட்டில் உப்பு போட்டதற்குக்கூட ரிஜிஸ்டர் இருக்கிறது என்பார்.

சின்னவள் முதலில் சேர்ந்தது டெஸ்டராக. ஜன்னல் இல்லாத ஓர் அறை, பன்னிரண்டு டிவி, பன்னிரண்டு நாற்காலி. அவளுக்குக் கொடுத்த வேலைக்குச் சுவர் முட்டுவது என்று பெயர். கேமுக்குள் ஒரு கோட்டை இருந்தால், அந்தக் கோட்டையின் ஒவ்வொரு சுவரிலும் அடி அடியாக நகர்ந்து முட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது உடம்பு சுவருக்குள் புகுந்துவிட்டால் அது பிழை. எழுதி வைத்துவிட்டு அடுத்த சுவருக்குப் போக வேண்டும். பதினோரு மாதம் முட்டினாள். கூட இருந்தவர்கள் விளையாடவும் சம்பளம் கொடுக்கிறார்களே என்று ஆசைப்பட்டு வந்தவர்கள். மூன்று மாதத்தில் அலுத்துப் போய்க் கிளம்பினார்கள். இவள் இருந்தாள். ஜெயிக்கப் பார்க்கிறவனுக்குப் பிழை கண்ணில் படாது, தோற்பதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று தேடுகிறவளுக்குத்தான் படும் என்று அவள் சொன்னதைப் பெரியவள் தொழிற்சாலையில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

பிறகு நடந்தவை பெரியவள் வீட்டுச் சமையலறை மேஜையில்தான் முதலில் சொல்லப்பட்டன. சின்னவள் கண்டுபிடித்த பிழையைப் பிரிவுத் தலைவன் தான் கண்டதாகக் கூட்டத்தில் சொன்னது. அவள் வேலை கற்றுக்கொடுத்த ஒருவன் அவளுக்கே மேலதிகாரியாக வந்தது. பதவி உயர்வு கேட்ட வருஷம், முகம் எப்போதும் கடுகடுவென்று இருக்கிறது, குழுவோடு ஒட்டுவதில்லை என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தது. பெரியவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "கண்ணு பாக்குற வேலைக்கு மூஞ்சி எதுக்குடி?" என்று கேட்டாள். அன்றைக்குச் சின்னவள் சிரிக்கவில்லை.

துணைத் தலைவர் ஆன அன்று பெரியவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கதவில் தங்கை பெயர் போட்ட பலகையைப் பார்க்கப் போனாள். பார்த்தாள், கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒரு முறை துடைத்தாள், நாலு திருகாணியில் ஒன்று கோணலாக இருக்கிறது என்றாள். மாமியாருக்கே மாமியார் வந்திருக்கிறார் என்று வெளியே யாரோ சொன்னது உள்ளே கேட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கேம் முடியும் தறுவாயில், கேம் என்றால் என்னவென்றே தெரியாத சிலரைக் கூட்டிவந்து விளையாடவிடுவார்கள். புதுக் கை என்று அவர்களுக்குப் பெயர். டெஸ்டர்களுக்கு எல்லாம் தெரியும்; தெரிந்த கை தவறான இடத்தில் போகவே போகாது. தெரியாத கை எங்கே போகும் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். கம்பெனியின் மிகப் பெரிய கேமுக்கு, கடலோரத்தில் ஒரு துறைமுக ஊரைக் கல் கல்லாகக் கட்டும் கேம் அது, புதுக் கையாக வரச் சொல்லிச் சின்னவள் அக்காவைக் கேட்டாள். பெரியவளுக்கு அப்போது டிவி ரிமோட்டைத் தவிர வேறெதுவும் பிடித்துப் பழக்கமில்லை.

ஆறு சனிக்கிழமைகள் போனாள். கன்ட்ரோலரை இரண்டு கையாலும் தாம்பாளம் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, ஒரு படகுத்துறை, நாலு வீடு, ஒரு கிடங்கு கட்டினாள். வீடுகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றை மூன்று முறை இடித்தாள். செய்ததையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதினாள். தொழிற்சாலையில் ஒரு கட்டுச் சட்டையைச் செக்கிங் முடித்தால் பார்த்தவர் கையெழுத்தும் மேற்பார்வையாளர் கையெழுத்தும் விழ வேண்டும். அந்த முறைப்படியே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தான் கையெழுத்துப் போட்டு, தங்கையிடமும் வாங்கினாள். இதெல்லாம் இங்கே தேவையில்லை, கம்ப்யூட்டரில் ஏறிவிடும் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். "படிச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்? போடு" என்றாள் பெரியவள். சின்னவள் படித்துவிட்டு, தேதியோடு போட்டாள்.

நாலாவது சனிக்கிழமை, நேரம் முடிந்தது என்று சொன்னதும் பெரியவள் எழுந்து சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். மணி அடித்தால் செக்கிங் மேஜை விளக்கைச் சுவரிலேயே அணைப்பது அவளுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். அப்போது திரையின் மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டியதையெல்லாம் கேம் சேமித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். விளையாடிப் பழகிய எவனும் அந்தச் சக்கரம் சுற்றும்போது மூச்சுகூட விடமாட்டான். மறு சனிக்கிழமை வந்து பார்த்தால் ஊர் இல்லை. அவளுடையது மட்டுமில்லை, கேம் ஓடும் அந்தப் பெட்டியில் மற்றவர்கள் கட்டி வைத்திருந்த ஊர்களும் இல்லை. பதினொன்றாம் பக்கத்தில் அவள் எழுதினாள்: சக்கரம் சுற்றும்போது அணைத்தேன். எல்லா ஊரும் போய்விட்டது. கரண்ட் போனாலும் இப்படித்தான் ஆகுமா? கேட்கவும்.

சின்னவள் அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களைவிட நேரமெடுத்துப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். "நல்ல கை உனக்கு" என்றாள். பெரியவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. தங்கையின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை.

கேம் நான்கு மாதம் கழித்து வெளிவந்தது. முதல் வாரம் எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாவது வாரம் புயல் வந்தது. மூன்று மாவட்டங்களில் ஒரே மாலையில் கரண்ட் போனது. மழைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து ஊர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் திறந்து பார்த்தபோது திரையில் வெறும் கடல். ஆயிரக்கணக்கான பேர். மனைவியும் தானுமாக பத்து நாள் கட்டியது போயிற்று என்று ஒருவர் எழுதிய கடிதத்தைச் செய்தியில் போட்டார்கள். கேமை விற்கும் நிறுவனம், இது எப்படி வெளியே போனது என்று கேட்டு ஒரு வக்கீலை அனுப்பியது.

யாராவது ஒருவர் நாற்காலியை விட்டு இறங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. பிழை பார்க்கும் பிரிவு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் மூன்று வாரம் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரியவளின் வீட்டுக்காரர் செல்போனில் செய்தியைப் படித்துக் காட்டினார். சோதனையின்போது இந்தப் பிழை எங்கள் கண்ணில் படவில்லை, அதற்கு என் பிரிவு பொறுப்பேற்கிறது என்று தரப் பிரிவின் துணைத் தலைவர் எழுத்தில் சொல்லியிருக்கிறாராம்.

பெரியவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மறுபடி படிக்கச் சொன்னாள். கண்ணில் படவில்லை. யார் கண்ணில்? பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த நோட்டை எடுத்துப் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுத்து இருந்தது. தங்கை கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது.

உடனே போன் செய்தாள். சின்னவள் பின்னணியில் யாரோ பேசும் சத்தத்தோடு எடுத்தாள். "விடு அக்கா. நான் பாத்துக்கறேன். நீ இதுல வராத" என்றாள். வைத்துவிட்டாள்.

பெரியவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. இத்தனை வருஷமாகத் தங்கை கண்டுபிடித்ததைப் பிடுங்கித் தங்கள் பேரில் போட்டுக்கொண்டவர்கள், இப்போது அவள் கண்டுபிடித்ததையே கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லவைக்கிறார்கள். அவளோ வாய் திறக்கமாட்டாள். முகம் கடுகடு என்று எழுதிக்கொடுத்தபோதும் திறக்கவில்லை. ரோஷக்காரி. அவளுக்காகப் பேச யாராவது வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறு, அவளை நேரில் கேட்டுக்கொண்டு போ என்றார். "அவளைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டி, நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். விசாரணைக்கு வந்த வக்கீல், கம்பெனி தனக்குக் கொடுத்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், மரியாதையான பெண். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். புதுக் கைகளின் பெயர்ப் பட்டியலில் பெரியவளின் பெயரும் இருந்தது. இவர் துணைத் தலைவரின் அக்கா என்று அதுவரை வக்கீலுக்குத் தெரியாது. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். எழுத்து இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்றாள். பதினொன்றாம் பக்கத்தில் நின்றாள். அடியில் இருந்த கையெழுத்தின் மேல் பேனாவின் பின்பக்கத்தை வைத்தாள்.

"இது உங்க தங்கச்சி கையெழுத்துதானா?"

"ஆமா."

"படிச்சுட்டுத்தான் போட்டாங்களா?"

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவ எதையும் படிக்காம கையெழுத்துப் போடவே மாட்டா. எனக்கு மேல அவ."

வக்கீல் எழுதிக்கொண்டாள். எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பெரியவள் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து, நிறைந்த மனதோடு வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை சின்னவளுக்கு வேலை போயிற்று. பிழை தெரிந்திருந்தும் வெளியே விட்டார், விசாரணையில் தெரியாது என்று பொய் எழுதிக்கொடுத்தார் என்று இரண்டு காரணம். புதன்கிழமை அது செய்தியிலும் வந்தது. அந்தத் தொழிலில் கம்பெனிகள் அதிகமில்லை. ஓர் இடத்தில் தும்மினால் எல்லா இடத்திலும் கேட்கும். கவனக்குறைவு என்றால் மன்னிப்பு உண்டு. தெரிந்தே விட்டவள் என்று பெயர் வந்தவளைப் பிழை பார்க்க எவன் கூப்பிடுவான்?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சின்னவள் வந்தாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டப் போயிருந்தார். வழக்கம்போல் சமையலறை மேஜைக்கே வந்து உட்கார்ந்தாள். பெரியவள் காபி போட்டு வைத்தாள்.

"நான் இருக்குறதத்தானே குடுத்தேன்" என்றாள்.

"இருக்குறதத்தான் குடுத்த."

அப்புறம் சின்னவள் நடந்ததைச் சொன்னாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். எந்தக் கேமும் பிழையில்லாமல் வெளியே போகாது. வெளியிடும் முன் தெரிந்த பிழைகளின் பட்டியல் என்று ஒன்று போடுவார்கள். முதல் வகை இருந்தால் கேம் வெளியே போகக் கூடாது. இரண்டாவது, முடிந்தால் சரிசெய்வது. மூன்றாவது, யாருக்கும் நடக்காது என்று விட்டுவிடுவது. அந்தச் சக்கரப் பிழையை அவள் முதல் வகையில்தான் போட்டாள். நாள் குறித்தாகிவிட்டது, கடைகளுக்குச் சொல்லியாகிவிட்டது, இப்போது கை வைத்தால் முழுக் கேமையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். முதலாளி மற்ற எட்டுப் பேரையும் உட்காரவைத்து, இதை மூன்றாவதுக்கு மாற்று, வெளியான அன்றைக்கே அப்டேட்டில் சரிசெய்துவிடலாம் என்றார். வாயால்தான் சொன்னார்; எழுத்தில் ஒன்றும் இல்லை. மாற்றியது அவள். அடியில் கையெழுத்தும் அவள். அப்டேட் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் புயல் வந்தது.

விசாரணை வந்ததும் முதலாளி தனியாகக் கூப்பிட்டார். தெரியாமல் விட்டோம் என்று எழுதிக்கொடு, ஆறு மாதம் வேறு பிரிவில் இரு, ஆறியதும் பழைய இடத்துக்கு வா என்றார். பட்டியலும் கம்ப்யூட்டரில் ஏறியதும் வெளியே வராமல் அவர் பார்த்துக்கொள்வார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"தெரியாம விட்டேன்னா ஒரு வருஷம் தலையக் குனிஞ்சிருந்தாப் போதும். தெரிஞ்சே விட்டேன்னா அவ்வளவுதான். அதுக்குத்தான் அப்படி எழுதிக் குடுத்தேன்" என்றாள் சின்னவள். "அந்த வக்கீல்கிட்ட எழுத்துல ஒண்ணுமே இல்ல அக்கா. உன் நோட்டு ஒண்ணுதான் இருந்துச்சு."

முதலாளி என்ன சொன்னார் என்று பெரியவள் கேட்டாள். என்னை இப்படி ஏமாற்றிவிட்டாயே என்றாராம், வக்கீல் முன்னால். கண்கூடக் கலங்கியதாம். அவர் நாற்காலி ஆடவில்லை. மற்ற ஏழும் ஆடவில்லை.

பெரியவள் காபியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக அவளை அறுத்தது வேறொன்று. அதைக் கேட்கவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"மூணாவதுன்னு மாத்துனப்போ, நான் எழுதினது ஞாபகம் வந்துச்சா? கரண்ட் போனா என்ன ஆகும்னு?"

சின்னவள் டம்ளரை மேஜையில் அரை வட்டம் நகர்த்தினாள்.

"சொன்னேன். கரண்ட் போனாலும் நடக்கும்னு சொன்னேன். அவர், கரண்ட் இந்தக் காலத்துல எங்கம்மா போகுது, சக்கரம் சுத்தும்போது சுவர் சுவிட்ச அணைக்கிற ஆளு உலகத்துல உங்க அக்கா ஒருத்தங்கதான்னார். எல்லாரும் சிரிச்சாங்க." நிறுத்தினாள். "நானும் சிரிச்சேன்."

வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று கைவிட்டார்கள். பெரியவள் எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. அங்கேயே நின்றாள்.

பதினெட்டு பேர் இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் வாரம் மூன்று நாள் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருப்பதாகச் சின்னவள் சொன்னாள். போகலாம் என்றிருக்கிறாளாம். புதுத் துணைத் தலைவர் யார் என்று பெரியவள் கேட்டதற்கு, அவள் வேலை கற்றுக்கொடுத்து மேலதிகாரியாக வந்தானே, அவன்தான் என்றாள். அந்தப் பிழையைக்கூட ஒரே மதியத்தில் சரிசெய்துவிட்டார்களாம். ஒரே மதியம்தான் ஆகும் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

ஐந்தரைக்கு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அக்கா. போறதுக்கு முன்னாடி. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

பெரியவள் தலையாட்டினாள். தான் கேட்டிருந்தாலும், வேண்டாம் என்று தங்கை சொல்லியிருந்தாலும், அந்த வெள்ளிக்கிழமை அந்த நோட்டோடு பஸ் ஏறியிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. தங்கை தெருமுனை திரும்பும்வரை நின்றாள். அதைச் சொல்லவில்லை.